நாளை வரச் சொல்லப்பட்டது

சிறையில் மூச்சிரைப்புக்கு மருந்து தராமல் கணவன் தேவநேசனைச் சாகவிட்டார்கள் என்று ஆம்பூர் புஷ்பராணி வழக்குப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. சிறையின் மருத்துவப் பதிவேடு நேற்றுதான் சீல் வைத்துக் கோர்ட்டுக்கு வந்தது. இன்று அவளும் வக்கீல் பூர்ணிமாவும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள்.

தினமும் ஒரே வரிதான். ‘இன்ஹேலர் கேட்டார். ஸ்டாக் இல்லை. நாளை வரச் சொல்லப்பட்டது.’ பக்கத்தில் தேவநேசனின் கைநாட்டு. ரேகையின் குறுக்கே தோல் பதனிடும் ஷாப்பில் கத்தி கிழித்த தழும்பு. அன்றைக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் புஷ்பராணிதான்.

மார்ச் ஒன்பதில் அவன் செத்தான். பத்தாம் தேதியும் கைநாட்டு இருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

“அப்புறமா உக்காந்து பொய்யா எழுதியிருக்காங்க அக்கா,” என்றாள் பூர்ணிமா.

“பொய் எழுதறவன் குடுத்தேன்னுதானே மேடம் எழுதுவான்? செத்தவருக்கும் இல்லைன்னு எதுக்கு எழுதறான்?”

பூர்ணிமா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். இன்றைய தேதி. ஸ்டாக் இல்லை. புஷ்பராணி தழும்பைத் தொட்டாள். மை அவள் விரலில் ஒட்டியது.

“நாளைக்கும் வந்து நிப்பாரு மேடம். மருந்து வெச்சிருக்கச் சொல்லுங்க.”