காப்பும் தொப்பியும்

"கையில கட்டியிருக்கறதை அவுத்து வெச்சுட்டு உள்ள போங்கம்மா."

கோர்ட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார், பெயர் கூப்பிடும் டவாலி குப்பண்ணன்.

சுப்பாத்தாள் மஞ்சள் கயிறு கட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "மாரியாத்தாளுக்குக் கட்டுன காப்புங்க இது. எங்கூட்டுக்காரரு காய்ச்சல்ல கெடக்கறாருன்னு வேண்டிக் கட்டுனது. கோயில் நோம்பி முடியாம அவுக்கலாமுங்களா?"

"புது முன்சீப்பு உத்தரவும்மா. பட்டை, நாமம், தொப்பி, சிலுவை, காப்பு ஒண்ணும் உள்ள வரக்கூடாது. தீர்ப்புச் சொல்றவருக்கு யாரு எந்தச் சாமின்னே தெரியக்கூடாதாம்."

நியாயமான உத்தரவுதான், யார் இல்லையென்றது? ஆனால் நெற்றி விபூதியைத் துடைத்தால் வெளியே வந்து மறுபடி பூசிக்கொள்ளலாம். காப்பை நடுவில் அவிழ்த்தால் வேண்டுதல் அதோடு போச்சு.

வழக்கு, கிணற்று வழக்கு. அப்பா சொல்லிவிட்டுப் போனதை வைத்து, கிணறு முழுக்கத் தனக்கே என்று வழக்குப் போட்டவர் பக்கத்துக் காட்டு காசிம் ராவுத்தர். பாதி எங்களுடையது என்று இத்தனை நாள் வாய்தாவுக்கு நடந்தவன் சுப்பாத்தாளின் புருசன் நஞ்சப்பன். அவன் படுத்துவிட்டதால் இன்றைக்கு இவள் வந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது. இவள் உள்ளே போகாவிட்டால் கிணறு போய்விடும். காட்டில் ராகி வாடிக்கொண்டிருக்கிறது.

அந்த ராவுத்தரே இப்போது வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார்.

சுப்பாத்தாள் அந்தத் தொப்பியையே பார்த்தாள். தொப்பியைக் கழற்ற எத்தனை நேரமாகிவிடும்? கழற்றுவார், உள்ளே போவார், ஜெயித்துவிட்டு வருவார்.

"அம்மணி ஏன் வெளிய நிக்குது?" என்று கேட்டார் ராவுத்தர்.

"காப்பை அவுக்க மாட்டேங்குதுங்க. பேரு கூப்பிடறப்ப உள்ள இல்லீன்னா உங்க பக்கம் தீர்ப்பாயிரும். நீங்க தொப்பியைக் கழட்டீட்டு வாங்க."

ராவுத்தர் தாடியைத் தடவினார்.

"நானும் கழட்டறதா இல்ல."

"இதென்னங்க வம்பு! கேஸு போட்டவரே உள்ள வரலீன்னா, கேஸே தள்ளுபடியாயிருமுங்க!"

"ஆவட்டும்."

வாசலில் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "வீம்பு புடிச்ச மனுசன்! ஒரு தொப்பிக்காகக் கெணத்தையே உடறாரு பாரு."

குப்பண்ணன் மூன்று தடவை பெயர் கூப்பிட்டார். கூப்பிட்டவருக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் நின்றார்கள். ஒருத்தரும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"தள்ளுபடி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சுப்பாத்தாளுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்க ராவுத்தரே, இனிப் பெரிய கோர்ட்டுக்குப் போவீங்களா?"

"எதுக்கு? காப்பை அவுக்க மாட்டேன்னு கெணத்தையே உடத் துணிஞ்சவ, பாதி எங்களுதுன்னு பொய்யா சொல்லுவே? முழுக்க நம்முதுன்னு எங்கப்பா சொன்னதுல ஏதோ தப்பிருக்கும். நாளைக்கு நீ தண்ணி எறைச்சுக்க அம்மணி, நாளான்னிக்கு நான் எறைச்சுக்கறேன்."

"அட ஆத்தா, மாரியாத்தா! கெணறு பொழைச்சுதுடி!" சுப்பாத்தாள் போட்ட சத்தத்தில் முன்சீப்பே சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"வண்டியில ஏறு, நஞ்சப்பனை ஒரெட்டு பாத்துட்டுப் போறேன்" என்று ராவுத்தர் மாடு பூட்டப் போனார்.

சுப்பாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பண்ணனிடம் திரும்பினாள். "நானாவது வேண்டிக் கட்டுன காப்புங்க. ராவுத்தருக்குத் தொப்பி மேல எத்தன வைராக்கியம், பாத்தீங்களா!"

குப்பண்ணன் வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வைராக்கியமா? போன வாய்தாவுக்கெல்லாம் நான் வாயைத் தொறக்கறதுக்கு முந்தியே, தொப்பியைக் கழட்டி மடிச்சு ஜோப்புல வெச்சுட்டுத்தான் உள்ள போனாருங்கம்மா."