கார் போகாத பாதைக்கு ஒரு டிரைவர்

"காரே போகாத ரோட்டுக்கு டிரைவர் எதுக்குண்ணா?"

அகிலா இப்படிக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த கார்மேகம் சிரித்தார்.

துபாய் கராமாவில் இருந்த அந்த டிராவல்ஸ் ஆபீஸில் ஐரோப்பா விசா ஃபைல்கள் எல்லாம் அகிலாவின் மேஜைக்குத்தான் வரும். குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பரமக்குடிப் பக்கத்து ஹவுஸ் டிரைவர் ஒருவர், பிரான்ஸ் கிராமத்தில் ஏழு நாள் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"அது பழைய ரயில் பாதை மேடம். தண்டவாளத்தைப் பேத்துட்டு தார் போட்டு விட்டுட்டாங்க. சைக்கிளும் நடக்கிற ஆளும்தான் போகலாம். கார், லாரி, பைக் எல்லாம் மாஃபி, கிடையவே கிடையாது."

"உங்க முதலாளி மக்தூம் எப்படி வருவாரு?"

"பாபாவா? அவரும் அதே சைக்கிள்லதான்."

அகிலா ஃபைலைப் புரட்டினாள். ஏழு ஊர்களில் தங்கல், இரண்டு பேருக்கும் தனித்தனி அறை. சைக்கிள் வாடகை ரசீதில் மட்டும் ஒரே ஒரு சைக்கிள்.

"என்னண்ணா, ஸ்கூல் பசங்க மாதிரி டபுள்ஸா? அரபியைக் கேரியர்ல வச்சு மிதிக்கப் போறீங்களா?"

"கேரியர் இல்ல மேடம். ரெண்டு சீட்டு, ரெண்டு பேருக்கும் பெடல் உண்டு. நான் முன்னாடி."

"அவரு பின்னாடியா?"

"அவரு என்னைக்கு மேடம் முன் சீட்டுல உக்காந்திருக்காரு?"

அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. மார்ச் மாதம் பனி பார்க்கப் போகிறேன் என்று இவள் கையால் ஃபைல் போட்டுப் போனவன், பாரிஸில் இறங்கியதும் காணாமல் போய்விட்டான். இன்னொரு ஆள் அப்படிப் போனால் வேலையை மறந்துவிடு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அந்த மாதிரி ஆட்களுக்கு ஏஜென்ட்டுகள் கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புவார்கள்.

"சரி, மூணாவது நாள் எந்தப் பக்கம்?"

கார்மேகம் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். நாலாவது கிலோமீட்டர்ல வலது கைப் பக்கம் திராட்சைத் தோட்டம், வரிசை வரிசையா மேட்டுல ஏறும். ஒன்பதுல பழைய ஸ்டேஷன், இப்ப காபிக்கடை. ஜன்னல் கதவெல்லாம் நீலம், ஒண்ணுல மட்டும் பெயின்ட் உரிஞ்சிருக்கும். அதத் தாண்டினா மாடுங்க, எல்லாம் வெள்ளை..."

"போதும், போதும். ஜன்னல் கலர் வரைக்குமா?"

"வீடியோ பாத்துப் பாத்து எழுதினேன் மேடம். எட்டு மாசமாப் படிக்கிறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

எந்த ஏஜென்ட்டும் இவ்வளவு தூரம் படிக்க வைத்து அகிலா பார்த்ததில்லை. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாத கேள்வியாக ஒன்று கேட்டாள்.

"இவ்வளவு இடத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

அவர் முதல் தடவையாக யோசித்தார். "அஞ்சாவது நாள் ஒரு சுரங்கம் வரும் மேடம். எண்ணூறு மீட்டர்."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல, இருட்டுதான். அங்க மட்டும் எனக்கு வேலை கிடையாது. பாபாவும் நானும் சமம்."

அகிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத ஃபைலை அனுப்ப அவளுக்குத் தைரியமும் இல்லை.

"டிரைவர் எதுக்குக் கூட வரணும்னு உங்க பாபா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்ணா."

"எழுத மாட்டாரு மேடம். 'என் டிரைவர் என்னோடு வருகிறார்'னு எழுதியாச்சு, அது போதும்னுட்டாரு. அதுக்கு மேல வீட்டு விஷயத்த நான் வெளிய பேசக் கூடாது."

"அப்ப கலாஸ், முடிஞ்சுது. நாலு மணிக்குள்ள ஃபைல் போகலன்னா இந்த அப்பாயின்ட்மென்ட் போயிடும். அடுத்தது அக்டோபர்லதான்."

"ரூம் எல்லாம் செப்டம்பருக்கு எடுத்தாச்சே மேடம்." ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பரவால்ல. பாபாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் போன பிறகுதான் மேஜையில் நோட்டு கிடப்பதை அகிலா பார்த்தாள். புரட்டினாள். பக்கம் பக்கமாகக் கிலோமீட்டர் கணக்கு. நீலம், வெள்ளை, செங்கல் சிவப்பு என்று வந்த ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் கோடு. தப்பி ஓடுகிறவனுக்கு இது எதற்கு?

நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வெயில் கொளுத்தியது. கட்டட முகப்பின் நிழலில் வெள்ளைக் கந்தூரா அங்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் அரபி நின்றிருந்தார். அவர் கை கார்மேகத்தின் தோளில் இருந்தது. முதலாளி டிரைவர் தோளில் கை போட்டு நிற்பதை அகிலா இந்த ஊரில் பார்த்ததே இல்லை.

அவளைப் பார்த்ததும் கார்மேகம் குரலைத் தாழ்த்தி, ஹிந்தியில் மளமளவென்று சொன்னார். "பாபா, மேடம் வந்திருக்காங்க. மஞ்சள் சுடிதார், சின்ன மூக்குத்தி. கையில நம்ம நோட்டு. மூஞ்சில கோபம் இல்ல."

மக்தூம் முகம் மலர, கையை நெஞ்சில் வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று குனிந்து வணக்கம் சொன்னார், அகிலாவுக்கு இரண்டடி தள்ளியிருந்த தூணைப் பார்த்து.

அகிலா சத்தம் வராமல் நகர்ந்து, அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"வ அலைக்கும் ஸலாம்," என்றாள். "யல்லா கார்மேகண்ணா, உள்ள வாங்க. நாலு மணிக்குள்ள ஃபைல் போகணும்."