கட்டத் தெரியாதவள்

கம்பி போட்ட கட்டிலில் கிடந்த குழந்தை வீல் வீலென்று கத்தியது. பெற்றவள் இரண்டடி தள்ளி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாளே தவிர, தூக்கவில்லை.

'சரியான கல்நெஞ்சுக்காரி' என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸம்மா.

வீடு வீடாகப் போய், கைக்குழந்தைகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்து ஆபீசுக்கு எழுதி அனுப்புவது அவள் வேலை. இந்தத் தெரு முழுக்கப் பூர்வகுடிக் குடும்பங்கள். இந்த வீட்டிலோ 'வாங்க' என்று சொல்லக்கூட ஆளில்லை. பெற்றவளின் அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள், திரும்பவே இல்லை. இருந்த ஒரே நாற்காலியை நர்ஸம்மா தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, பிள்ளை இந்தக் கத்து கத்துது, தூக்க மாட்டியா?"

"கட்டில்லயே படுத்துப் பழகட்டும்னுதான்..."

"அதெல்லாம் பழைய கதை! இப்ப ஆபீஸ்லயே மாத்திட்டாங்க. உங்க சனங்களோட வழக்கப்படியே பிள்ளை வளக்கணுமாம். எங்களுக்குப் பயிற்சியே குடுத்தாங்க, தெரியுமா?"

பையிலிருந்து புத்தம் புதிய நீளத் துணி ஒன்றை எடுத்து உதறினாள். ஓரத்தில் ஆபீஸ் முத்திரை பளிச்சென்று இருந்தது.

"இதுல பிள்ளையை முதுகோட சேத்துக் கட்டிக்கணும். உங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். கட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

இவர்கள் வழக்கத்தை இவர்களுக்கே நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று நர்ஸம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுந்து, குழந்தையைத் தூக்கித் தன் முதுகில் சாய்த்து, துணியை இப்படிச் சுற்றி, அப்படி இழுத்து முடிந்தாள். பயிற்சியில் பொம்மையை வைத்துப் பழகிய வித்தை. பொம்மை துள்ளாது, குழந்தை துள்ளியது. முடிச்சு நழுவியது.

நர்ஸம்மா "ஐயோ!" என்பதற்குள் பெற்றவள் பாய்ந்து பிடித்துவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் குழந்தை அவள் முதுகில் இருந்தது. ஒரு கை தாங்கிக்கொள்ள, மறு கையும் பல்லுமாகச் சேர்ந்து முடிச்சை இறுக்கின. அழுகை பட்டென்று நின்றது.

நின்ற பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அடி கள்ளி! இவ்ளோ நல்லாக் கட்டுற. தெரியாதுன்னு எதுக்குப் பொய் சொன்னே?"

"எழுதிடாதீங்கம்மா! உங்க கால்ல விழறேன். இதோ, கட்டில்லயே போட்டுடறேன்." அவள் விரல்கள் முடிச்சைத் தேடின.

"உனக்கென்ன பைத்தியமா? நாங்களே கட்டுன்னுதானே சொல்றோம்!"

"இப்ப சொல்றீங்க. அப்ப எங்க அக்கா இப்படித்தான் கட்டியிருந்தா. 'பிள்ளையை மூட்டை மாதிரி கட்டி வெச்சிருக்கா, வளக்கவே தெரியல'ன்னு எழுதிட்டாங்க. ஆபீஸ் வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. பால்குடி மறக்காத பிள்ளைம்மா. இன்னிக்கு வரைக்கும் கண்ணுல காட்டல."

நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது.

"அடப்பாவமே! எவ அப்படி எழுதினவ? அவ நல்லா இருப்பாளா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா முதல் முறையாகத் திரும்பினாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியை நர்ஸம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. அன்னிக்கும் இதுல உக்காந்துதான் எழுதினீங்க."