தாம்பூலம் வைத்துக் கேட்ட லிங்க்

“ரஷ்யாக்காரன் நம்ம அண்டாவைப் பத்தி எழுதியிருக்கான். அதைப் போய்க் கெட்ட சேதிங்கிறியேம்மா” என்றார் சுவாமிநாதன்.

“எழுதினது சூதாட்ட சைட்டு சார்” என்றாள் சிவப்ரியா. “நீங்க விலைக்கு வாங்கின ஐயாயிரம் லிங்க்கும் அந்த மாதிரிதான். அதைப் பார்த்துட்டுதான் கூகுள் உங்களை ஒன்பதாம் பக்கத்துல உட்கார வச்சிருக்கு.”

குரும்பகரத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர் சுவாமிநாதன். கடைக்கு வெப்சைட் திறந்து ஒரு வருடமாகியும் அதன் வழியாக ஓர் ஆர்டர்கூட வந்ததில்லை. அந்த ஆத்திரம் வீட்டில்தான் இறங்கியது. மகன் தமிழ்ச்செல்வனுக்கு முப்பது நெருங்குகிறதென்று மனைவி சொர்ணாம்பாள் எப்போது பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்.

“வெப்சைட்ல முதல் ஆர்டர் வரட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல கல்யாணப் பேச்சே கிடையாது.”

அதனால்தான் மகன், கோவில்பத்திலிருந்து சிவப்ரியாவை அழைத்து வந்திருந்தான். தேடுகிறவர் கண்ணில் சைட்டை முதலில் படவைப்பது அவள் தொழில். வந்த வாரமே, சைட்டைத் திறந்ததும் அலறிய நாதஸ்வரத்தை நிறுத்தினாள். இருநூற்றுப் பன்னிரண்டு கரண்டிகளுக்குத் தனித்தனியே போட்டிருந்த படங்களை நீக்கினாள். சுவாமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கரண்டியையும் பிரியாவிடை கொடுத்து அனுப்பினார்.

“இப்பதான் சைட்டு சுத்தமாயிடுச்சே. இன்னும் என்ன?”

“நல்ல லிங்க் வேணும் சார். ஊர்ல மதிப்பா இருக்கிறவங்க, அவங்க சைட்ல நம்மளைப் பத்தி நல்லதா எழுதி, நம்ம பக்கம் கையைக் காட்டணும். சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்கல்ல, அந்த மாதிரிதான் கூகுளும். நேர்ல போய்க் கேக்கணும்.”

“கேக்கப் போறப்ப வெறுங்கையோடயா போவாங்க?” அடுப்படியிலிருந்து சொர்ணாம்பாள் குரல் கொடுத்தாள். “தாம்பூலம் வச்சுக் கேளுங்க. வெள்ளித் தட்டு எடுத்துத் தரேன்.”

“லிங்க்குக்குத் தாம்பூலமா?”

“மரியாதையாக் கேட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க? தட்டைத் தம்பி தூக்கட்டும். கம்ப்யூட்டர் விவரம் சொல்ல இந்தப் பொண்ணும் வரட்டும். சிவப்ரியா, நாளைக்குப் பட்டுப்புடவையாப் பார்த்துக் கட்டிட்டு வாம்மா. பெரிய மனுஷங்க வீட்டுக்கெல்லாம் போறோம்.”

மறுநாள் நால்வரும் கிளம்பினார்கள். கார்த்திகை மழை. தட்டு நனையாமலிருக்க, அதைத் தூக்கிய தமிழ்ச்செல்வனுக்குச் சிவப்ரியா குடை பிடித்தாள்.

காரைக்கால்மேட்டில், படகு உரிமையாளர் சங்கச் செயலாளர் கருப்பையன் தட்டைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“உங்க சங்கத்து சைட்ல எங்களைப் பத்தி ரெண்டு வரி போட்டு கௌரவிக்கணும்” என்றார் சுவாமிநாதன்.

“ரெண்டு வரி என்னங்க, போட்டோவோடயே போட்டுடுவோம். இதுதான் பொண்ணா?”

“ஆமாங்க, கோவில்பத்து. இது நம்ம வீட்டுக்கு வந்தப்புறந்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.”

சொர்ணாம்பாள் ஒதுங்கிக்கொள்ள, கருப்பையன் மற்ற மூவரையும் நிற்கவைத்துப் படமெடுத்தார். தமிழ்ச்செல்வன் கையைப் பிடித்துக் குலுக்கினார். புறப்படும்போது ஒரு முழு வஞ்சிரத்தைச் சிவப்ரியாவிடம் கொடுத்தார்.

தையல் வகுப்பு நடத்தும் ஷஃபீனா, சிவப்ரியாவுக்கு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். “எப்ப வச்சிருக்கீங்கண்ணே?”

“தைக்குள்ள முடிச்சுடணும்மா. தள்ளிப்போட முடியாது.”

இப்படி இருபத்திரண்டு இடம். சுவாமிநாதனுக்கு மனசு நிறைந்துவிட்டது. லிங்க் கேட்டு வந்தவர்களுக்கு மீனும் துணியும் கொடுத்தனுப்புகிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

மார்கழி மூன்றாம் வாரம், ஒரு காலைப்பொழுதில் சிவப்ரியா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

“முதல் பக்கம் சார். அதுலயும் முதல் இடம்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லிங்க் கொடுத்தவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் ‘நல்வாழ்த்துகள்’ என்று இருந்தது. முதலிடம் பிடித்ததற்கு ஊரே வாழ்த்துகிறது. ஒன்றில்தான் அவருக்கு வருத்தம். படகுச் சங்கத்தார் போட்டோவில் அவரை வெட்டிவிட்டு மற்ற இருவரை மட்டும் போட்டிருந்தார்கள்.

அப்போது கைப்பேசி மணியடித்தது. வெப்சைட்டிலிருந்து தகவல்.

“சொர்ணம், ஆர்டர் வந்துடுச்சுடி. முதல் ஆர்டர்.” அவர் அடுப்படியைப் பார்த்துக் கூவினார். “தை இருபத்திரண்டாம் தேதி. பெரிய பந்தல், வாசல்ல வாழை மரம், அறுநூறு பேருக்குப் பாத்திரம். இடம் குரும்பகரம். பாரேன், நம்ம ஊர்க்காரங்களே தேடிப் பிடிச்சிருக்காங்க.”

ஈரக் கையைத் துடைத்தபடி சொர்ணாம்பாள் வந்து நின்றாள். “அப்ப, இனிமே இந்த வீட்ல கல்யாணப் பேச்சு எடுக்கலாமா?”

“தாராளமா எடு. நான் சொன்ன சொல் மாறமாட்டேன்” என்றபடி அவர் மீதியைப் படிக்கத் திரையைத் தள்ளினார்.

மணமகன் தமிழ்ச்செல்வன். மணமகள் சிவப்ரியா. ஆர்டர் கொடுத்தவர் சொர்ணாம்பாள்.

“கடைசியில ‘உறுதி செய்க’ன்னு பச்சையா ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க” என்றாள் சொர்ணாம்பாள். “ஊரையே தாம்பூலம் வச்சு அழைச்சது நீங்கதான். இப்ப இல்லேன்னு சொல்றதுன்னா, இருபத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி தட்டைத் தூக்கணும்.”