முதல் மடக்கு

டம்ளரைக் கணவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆப்பிள், சோம்பு, எலுமிச்சைத் தோல். கொதிக்கவைத்து ஆறவைத்தது. நன்றாகவே கசக்கும். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாளப் பெண்ணின் சொந்தக் கண்டுபிடிப்பு; தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பாளாம். தேனொழுகப் பேசி, செய்முறையை அந்தப் பெண்ணிடமே கறந்துகொண்டு வந்திருந்தாள்.

அந்தச் சிரிப்பும், அந்தக் கூந்தலும்! நினைத்தாலே வயிறு எரிந்தது.

இவன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறானா, இல்லையா? அது தெரியாமல் ஒரு வாரமாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. கேட்டால் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். அதனால் கேட்கவில்லை.

கணவனுக்கும் மனைவிக்கும் பிழைப்பே எலிகளோடுதான். அவன் ஆராய்ச்சிக்குத் தலைவன், இவள் கூண்டுகளுக்குப் பொறுப்பு. தெரியாத ருசியை வைத்தால் எலி ஒரு நக்கு நக்கிவிட்டுப் பின்வாங்கும். ‘பொறு, விஷமாக இருக்கலாம்’ என்று மூளையின் அடியில் ஒரு துணுக்கு பிடித்து இழுக்கும். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால், மறுநாள் அதையே மடமடவென்று குடிக்கும். முதல் தடவையா, இல்லையா என்று எலியைக் கேட்கவே வேண்டாம்.

இவனும் அந்த ரகம்தான். புதிதாக எதைச் சமைத்தாலும் நுனிநாக்கில் தொட்டுவிட்டு ஒதுக்கிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு வயது மகள் அப்பனையும் மிஞ்சியவள். புது பிஸ்கட்டைக்கூட மோந்து பார்த்துவிட்டு ஓடிவிடுவாள்.

அவன் டம்ளரை எடுத்தான். மோந்தான். நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்தான்.

“என்ன கண்றாவி இது? என் ஜென்மத்துல இப்படி ஒண்ண நான் குடிச்சதே இல்ல!”

அப்பாடா! அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பாவம், இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் பசியே எடுத்தது. தனக்கு ஒரு தட்டு எடுக்கத் திரும்பினாள்.

பின்னால் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது.

மகள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மோந்து பார்க்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, இன்னும் கொஞ்சம்!”

சனிக்கிழமைதோறும் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன், தலையை நிமிர்த்தவே இல்லை.