இத்தாலிப் புரொபெசரின் பிரசாரம்

"இஞ்சருங்கோ, தவமணியக்கா வீட்டை போய் வோட்டுக் கேட்டனீங்களோ, இல்லாட்டி றோல்ஸ் சாப்பிட்டிட்டு வந்தனீங்களோ?"

"ரெண்டும்தான் செலின்" என்றார் சூசைதாசன், மீசையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டபடி.

மேரிசெலினுக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தாலியில் சட்டப் பேராசிரியராக இருந்த மனிதர். அவளைக் கட்டுவதற்காக டென்மார்க் வந்து, ஹேர்னிங் நகரத் துணித் தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பெட்டி அடுக்குகிறார். ஊர்ச்சனம் 'இத்தாலிப் புரொபெசர்' என்று கூப்பிடுவதோடு சரி, அவருடைய பட்டத்தை இங்கே ஒருவரும் சீந்தவில்லை. இந்த நகரசபைத் தேர்தலிலாவது அவர் வெல்ல வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

இலங்கையில் போர் முடிந்து ஆறு மாதம். அதற்குப் பிறகு தமிழ்ச்சனம் வாய்விட்டுச் சிரித்ததே இந்தத் தேர்தல் பகிடிகளில்தான். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்த கையோடு, நவம்பர் மழையில் சைக்கிள் மிதித்து, வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: "மறக்காமல் எங்கட இவருக்குப் புள்ளடி போடுங்கோ."

"ஓம், ஓம்" என்றார்கள் எல்லாரும். ஒரு மாதிரிச் சிரித்தார்கள்.

தேர்தலுக்கு மறுநாள் மத்தியானம், கட்சிக்காக எண்ணிக்கை பார்க்கப் போயிருந்த றொபேட் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு வோட்டு."

"ஒண்டோ?" மேரிசெலின் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். "அது நான் போட்டது. அப்ப நீங்கள் உங்களுக்கே போடேல்லையோ?"

"இல்லை."

"விசரோ உங்களுக்கு? நான் நாய்படாப் பாடுபட்டுச் சனத்திட்டைக் கேட்டனான்."

"தெரியும். நீ போன வீடெல்லாம் உனக்குப் பின்னாலை நானும் போனனான்" என்றார் சூசைதாசன், சட்டம் படிப்பிக்கிற அதே குரலில். "சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் சனத்துக்கு ஆஸ்பத்திரியிலை மொழிபெயர்க்கிறதும், போம் நிரப்பிக் குடுக்கிறதும் ஆர் எண்டு கேட்டனான்."

அவள் புரியாமல் றொபேட்டைப் பார்த்தாள்.

"கட்சியின்ரை வேட்பாளர் பட்டியல் நிரப்ப ஒரு பேர் குறையுது எண்டு அண்ணை உங்களிட்டைக் கையெழுத்து வாங்கினவரெல்லோ அக்கா, அந்தக் கடைசிப் பேருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வோட்டு. தையிலை நகரசபைக்குப் போறது நீங்கள்தான்."