பால் வடியும் வேலி

உச்சிவெயிலில் திருகுகள்ளி வேலி வெட்டுப்படுகிறது. தம்பி இறந்து முப்பது நாள் ஆகவில்லை. அவன் நட்டுவைத்த எல்லை வேலியை அண்ணன் அரிவாளால் சாய்த்து, தம்பி மனைவியின் முற்றத்தில் மூன்றடியைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறான். இதற்கு அநியாயம் என்பதன்றி வேறு சொல் இல்லை. இலையற்ற பச்சைக் குச்சிகள், நுனியில் கடுகளவு மஞ்சள் பூக்களோடு, விரல் விரலாக விழுகின்றன. ஒவ்வொரு வெட்டுவாயிலும் வெண்பால் துளிர்த்துச் சொட்டுகிறது. தையற்காரியான அவள், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு, அவற்றைப் பொறுக்கி நிழலில் வரிசையாக அடுக்குகிறாள். “அடுப்புக்கா?” என்று அவன் இளிக்கிறான். “பால் காயட்டும்னு வைக்கிறேன் அத்தான். காஞ்சதும் அதே கோட்டுல நட்டா, ஒவ்வொண்ணும் வேர் விடும்.” அரிவாள் அந்தரத்தில் நிற்கிறது. அவனது புருவத்திலிருந்து வியர்வை இறங்குகிறது. பால் பிசுபிசுக்கும் கை கண்ணை நோக்கி உயர்கிறது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். விரல் இமையை நெருங்கும் நொடியில், “கையை எடுங்க,” என்கிறாள் நிதானமாக. “அந்தப் பால் பட்டா பார்வை போயிடும். உங்க கண்ணு எனக்கு வேணும் அத்தான். இந்த வேலி தலைக்கு மேல வளர்றத நீங்க தினமும் பாக்கணும்.”